மின்மினியைக் காட்டிப் பிழைக்கலாமா?

அம்மம்மா ஒரு கதை சொல்வார். தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் களிமண் கொண்டுவந்து அப்பி, அந்த ஈரமண்ணில் ஒரு மின்மினியைப் பிடித்துப் பதித்து வைக்குமாம். குஞ்சுகளுக்கு விளக்கு. விழுந்து கிடக்கும் கூட்டைப் பிரித்துப் பார்த்தால் காய்ந்த களிமண் உண்மையிலேயே ஒட்டியிருக்கும். மின்மினி இருக்காது. ஆனாலும் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். விளக்கைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள் மண்ணையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். மின்மினிச் சுற்றுலா என்று இப்போது ஆசைப்படுகிற பலர் மண்ணை மறந்துவிடுகிறார்கள்.

திருகோணமலைக்கு வருகிறவர்களுக்குப் பகலில் பார்க்க நிறைய இருக்கிறது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடல், புறாத்தீவு. பொழுது பட்டால் சாப்பாடு, அப்புறம் படுக்கை. "இரவில காட்ட ஏதாவது இருந்தா ஆக்கள் இன்னொரு நாள் தங்குவினம்" என்று உப்புவெளிப் பக்கம் சின்ன விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார். போன மாரியில் அவரைத் தம்பலகாமத்து வாய்க்கால் கரை ஒன்றுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். ஐந்து நிமிடம் மனுஷன் வாயே திறக்கவில்லை. ஆறாவது நிமிடம் கேட்டார்: "இதுக்கு ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்?"

கேள்வியில் தப்பில்லை. பதில்தான் கொஞ்சம் நீளம். பூச்சியிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்மினி ஒரு வண்டு. ஈ, நுளம்பு வகையைச் சேர்ந்ததல்ல; சாணி உருட்டும் வண்டுக்கும் அரிசியைத் துளைக்கும் வண்டுக்கும் தூரத்துச் சொந்தம். உலகத்தில் 2,000க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் இருக்கின்றன. வயிற்றின் நுனியில், அடிப்பக்கமாக விளக்கு. அங்கே லூசிஃபெரின் என்ற பொருள் இருக்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதியம் அதை ஒட்சிசனோடு சேர வைக்கும்போது வெளிச்சம் பிறக்கிறது. சூடு என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. பழைய குண்டு பல்பைத் தொட்டால் கை வெந்துபோகும். மின்மினி உள்ளங்கையில் ஊர்ந்தால் காலின் குறுகுறுப்பு மட்டும்தான் தெரியும்.

இந்த வெளிச்சம் அழகுக்கு இல்லை, பேச்சுக்கு. பல இனங்களில் ஆண் பறந்தபடி தன் இனத்துக்கு உரிய தாளத்தில் மின்னும். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண், அந்தத் தாளம் தனக்குரியது என்றால் பதிலுக்கு மின்னும். ஆண் இறங்கி வரும். தாளம் பிசகினால் பதில் இல்லை. ஜப்பானில் கென்ஜி மின்மினி என்று பேர்போன ஓர் இனம் உண்டு. அதன் மேற்குப் பகுதிக் கூட்டம் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு தடவையும் கிழக்குப் பகுதிக் கூட்டம் 4 விநாடிக்கு ஒரு தடவையும் மின்னும். ஒரே இனம், இரண்டு பேச்சுவழக்கு. மட்டக்களப்பாரும் யாழ்ப்பாணத்தாரும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மண்ணுக்கு வருவோம். மழை ஓய்ந்த ஓர் இரவில் வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்தபோது, புல்லடியில் அசையாமல் கிடந்த ஒரு பச்சை வெளிச்சத்தைக் கண்டேன். மின்மினி விழுந்து கிடக்கிறது என்று நினைத்துக் குனிந்தேன். அது பறக்கிற பூச்சியே இல்லை. தட்டையான, கறுத்த, ஓடு ஓடாக அடுக்கிய உடம்புள்ள ஒரு புழு. வாலடியில் இரண்டு புள்ளி வெளிச்சம். அதன் தலை ஒரு சின்ன நத்தையின் ஓட்டுக்குள் இருந்தது. அதுதான் மின்மினியின் குடம்பி, அதாவது குஞ்சுப் பருவம். நத்தையைத் திரும்பத் திரும்பக் கடித்து விறைக்க வைத்து, தசையைக் கரைத்து உறிஞ்சும். பார்க்க அவ்வளவு அழகான காட்சி என்று சொல்ல மாட்டேன். நத்தை, ஓடில்லா நத்தை, மண்புழு இவைதான் பெரும்பாலான மின்மினிக் குடம்பிகளின் சாப்பாடு. பறக்கும் பருவத்தில் பல இனங்கள் சாப்பிடுவதே கிடையாது.

இங்கே கமக்காரர்கள் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. தோட்டத்தை மேய்ந்து தீர்க்கிற ஆபிரிக்கப் பெருநத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அதைத் தேடித் தின்னும் உள்ளூர்ப் பிராணிகளில் ஒன்று லாம்ப்ரிஜெரா என்ற பெரிய மின்மினியின் குடம்பி. அதன் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. வளர்ந்த பிறகும் பெரிய புழு மாதிரியே தரையில் ஊர்ந்து, அங்கேயே வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும்.

குடம்பிப் பருவம் பல மாதங்கள், சில இனங்களில் ஒரு வருடத்துக்கு மேலும் போகும். சிறகு முளைத்த பிறகு கிடைக்கும் ஆயுள் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை. நாம் பார்த்து மயங்குவது கல்யாண வீட்டை மட்டும். பிறந்தது, வளர்ந்தது, தின்றது, உறங்கியது எல்லாம் ஈரமண்ணிலும் சருகுக்குள்ளும்தான். ஆகவே மின்மினி வாழிடம் என்றால் மின்மினி பறக்கும் வெளி மட்டுமல்ல. முட்டையிட ஈரமான மண், குடம்பிக்கு நத்தை, பகலில் ஒளிந்திருக்கப் புல்லும் பற்றையும், பேச்சு கேட்க இருட்டு. நாலும் ஒரே இடத்தில், வருடம் முழுக்க வேண்டும். ஒன்று போனாலும் கல்யாணம் நடக்காது.

எங்கள் பக்கத்தில் இது எங்கே

வறண்ட வலயத்தில் ஈரம் எங்கே நிற்கிறதோ அங்கே தேடுங்கள். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களின் வாய்க்கால் கரைகள், மூதூருக்குப் பக்கத்தில் மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் தாழ்நிலம், வெருகல் ஆற்றோரத்து மருதமர நிழல், கிண்ணியாவைச் சுற்றிய கண்டல் காட்டு ஓரங்கள். கச்சான் காற்று மண்ணைப் பிளக்கிற ஆடி ஆவணியில் போய் நின்றால் ஏமாற்றம்தான். நான் கண்டவரை, மாரி மழை இரண்டு மூன்று தடவை நன்றாக விழுந்து, வயல் நனைந்து, விளக்கீடு நெருங்குகிற காலம்தான் நல்ல காலம்.

இதில் ஒரு சிக்கலும் ஒரு வாய்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. திருகோணமலைக் கடற்கரைக்கு ஆட்கள் வருவது மே முதல் செப்டம்பர் வரை, கடல் அடங்கியிருக்கும்போது. மின்மினி வருவது ஆட்கள் போன பிறகு. விடுதிகள் கதவைச் சாத்தி வைத்திருக்கும் மாரிக்காலத்துக்கு ஏதாவது வருமானம் வேண்டும் என்றால் இது பொருத்தம். ஆனால் அந்த மாரியே பாதி இரவுகளைக் கெடுத்தும் விடும். கொட்டுகிற மழையில் மின்மினி வராது. முற்பணம் வாங்கிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இதை ஒரு குடும்பத்தின் முழுப் பிழைப்பாக நினைப்பவர்களை நான் தடுக்கவே பார்ப்பேன். பக்க வருமானம் என்றால் சரி.

எது அழிக்கிறது

உலகெங்கும் மின்மினி ஆராயும் அறிஞர்களிடம் கேட்டுத் தொகுத்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. வாழிட இழப்பே முதல் ஆபத்து என்றார்கள். செயற்கை வெளிச்சமும் பூச்சிநாசினியும் அடுத்தடுத்து வந்தன. எங்கள் ஊர் மொழியில் சொன்னால்: மண்வாய்க்காலைக் கொங்கிறீட் வாய்க்கால் ஆக்குவது, வரம்புப் புல்லுக்குக் களைநாசினி அடிப்பது, பற்றைக்குத் தீ வைப்பது, கண்டலை நிரப்பி மதில் கட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை எல்ஈடி விளக்குப் போடுவது.

கொங்கிறீட் வாய்க்காலால் தண்ணீர் மிச்சம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் சுவரில் புல் முளைக்காது, கசிவு இல்லை, நத்தை இல்லை. ஊர் முழுக்க மண்வாய்க்காலாகவே வை என்று கேட்கவில்லை. ஒரு கிளை வாய்க்காலின் ஓரிடத்தை விட்டுவைத்தால் போதும்.

மருந்து விஷயம் இன்னும் கஷ்டமானது. பக்கத்து வயல்காரர் ஒருவரிடம் வாய்க்கால் ஓரத்துக்கு மருந்தடிக்காமல் விடுவீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, மருந்தடிக்காம வேளாண்மை செய்து காட்டச் சொல்லித்தான் ஒருக்கா எங்களைக் கொண்டுபோய்க் கிடங்கில விழுத்தினவங்கள். திரும்பவும் வந்திட்டியா?" 2021ஐச் சொல்கிறார். அரசு இரசாயன உரத்தையும் பூச்சிநாசினியையும் திடீரென்று நிறுத்தியது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் எப்படி விழுந்தது என்று வயல் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகவே 'மருந்தே அடிக்காதீர்கள்' என்று போய் நிற்கும் தகுதி எங்களுக்கு இல்லை. கேட்கக் கூடியது இதுதான்: வாய்க்கால் ஓரமாக இரண்டு பாகம் (இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்) அகலத்துக்கு ஒரு பட்டி, அதில் மருந்து வேண்டாம், தீ வேண்டாம், புல்லை ஒட்ட வெட்ட வேண்டாம். அதற்குக் கைமாறு என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெளிச்சம். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம். வெளியூர்க் கட்டுரைகள் 'விளக்கை அணையுங்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். எங்கள் பக்கத்தில் இருட்டு என்றால் மின்மினி மட்டும் ஞாபகம் வராது. குப்பி விளக்கையும் அணைத்துவிட்டு, வெளியே நாய் எதற்குக் குரைக்கிறது என்று காது கொடுத்துக் கிடந்த வருடங்கள் உண்டு. தெருவிளக்கு வந்தது எங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இன்றைக்கும் யானை வரும் பாதையில், ரியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் சைக்கிளில் வரும் பாதையில், விளக்கு வேண்டும்.

ஆனால் விளக்கு போகிற வழிக்கு இருந்தால் போதும், வயலுக்கு வேண்டாம். எங்கள் வாய்க்கால் மதகடியில் ஒரு எல்ஈடி நட்டார்கள். அதன் வெளிச்சத்தில் பாதி தெருவில் விழுந்தது. மீதி வயலுக்குள் போனது. அந்த மாரியில் அந்த மூலையில் மின்மினியை நான் காணவில்லை. கடிதம் எழுதினோம். பதில் இல்லை. பிறகு ஒரு பொடியன் சொன்ன யோசனைப்படி, அனுமதி கேட்டு, வயல் பக்கமாக ஒரு தகரத் தட்டி கட்டினோம். தெருவில் வெளிச்சம் குறையவில்லை. வயல் இருண்டது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை: விளக்கு கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும், உயரம் குறைய வேண்டும், வெள்ளையைவிட மங்கின மஞ்சள் நல்லது, வீட்டு முற்றத்துக்கு ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சர் விளக்கு இன்னும் நல்லது. பிரதேச சபையிடம் கேட்கப் போவதானால், 'எடுங்கள்' என்று கேட்காமல் 'திருப்புங்கள்' என்று கேளுங்கள்.

மற்றவர்கள் செய்து பார்த்தது

மலேசியாவில் சிலாங்கூர் ஆற்றங்கரைக் கம்போங் குவாந்தான் என்ற கிராமம் மின்மினிச் சுற்றுலாவில் பேர் எடுத்தது. ஆற்றோர மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணையும். அந்த மரம், நம் பக்கத்தில் கிண்ணை என்பார்களே, அந்த இனம். ஊர்க்காரர்கள் துடுப்பு வள்ளத்தில் ஆட்களை ஏற்றிப்போய்க் காட்டினார்கள். எஞ்சின் சத்தம் இல்லை, புகை இல்லை, உழைப்புக்குக் காசு உள்ளூரில் தங்கியது. ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது தெரிந்தது என்ன? மின்மினி மின்னுவது ஆற்றோர மரத்தில். குடம்பி வளர்வது அதற்குப் பின்னால், கரைக்கு உள்ளே, நத்தை வாழும் ஈரநிலத்தில். அந்த நிலத்தைத் தோட்டத்துக்கு வெட்டினால், படகில் இருந்து பார்க்க மரம் மட்டும் மிஞ்சும்.

(ஒரு எச்சரிக்கை: மலேசியாவின் அந்தப் படங்களை எடுத்துப் போட்டு 'கிண்ணியாவில் வந்து பாருங்கள்' என்று விளம்பரம் செய்யாதீர்கள். நம் வயலில் தெரிவது வேறு: சிதறிச் சிதறி, தாழப் பறந்து, ஒவ்வொன்றும் தன் பாட்டில். அதைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவர் போதும்.)

தாய்லாந்தில் அம்பவா என்ற இடத்தில் இதே காட்சிக்கு மோட்டார்ப் படகுகள் இரவெல்லாம் ஓடின. கரையோர வீட்டுக்காரர்களுக்கு நித்திரை இல்லை, கரை அரித்தது, வருமானமோ படகுக்காரர்களுக்கு. பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிலர் தங்கள் வீட்டோரத்து மின்மினி மரத்தையே வெட்டிப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெக்சிக்கோவின் நானாகமில்பா காட்டில் வேறு மாதிரி. அங்கே ஒத்து மின்னும் இனத்தின் பெண்ணால் பறக்க முடியாது, தரையிலேயே இருக்கும். பறக்கிற ஆணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கும் கூட்டம், பெண்ணை மிதித்துக்கொண்டு போகிறது. ஜப்பானிலோ, கொங்கிறீட் ஓடைகளாலும் மருந்தாலும் குறைந்துபோன கென்ஜியைத் திரும்பக் கொண்டுவர ஊர்கள் ஓடைகளைச் சுத்தம் செய்தன. அது நல்லது. ஆனால் சில இடங்களில் அவசரப்பட்டு வெளியூர் மின்மினியை வாங்கி விட்டார்கள். 2 விநாடிக் கூட்டத்தை 4 விநாடிக் கூட்டத்தின் ஊரில் விட்டால் என்ன ஆகும்? பேச்சு குழம்பும். எங்கிருந்தும் மின்மினி பிடித்துக் கொண்டுவந்து விடவே கூடாது. மண் சரியானால், மிஞ்சியிருப்பவை தாங்களாகப் பெருகும்.

தூரம் போகத் தேவையும் இல்லை. புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவானது. பவளப்பாறையைப் பார்க்க வந்தவர்கள் அந்தப் பாறையின் மேலேயே ஏறி நின்றார்கள். சூழல் சுற்றுலா என்ற பெயரை ஒட்டினால் மட்டும் கால் பாரம் குறையாது என்பதைத் திருகோணமலை ஏற்கெனவே படித்துவிட்டது.

சரி, எப்படித் தொடங்குவது

சூழல் சுற்றுலா என்றால், வருகிற ஆளால் இடம் கெடக்கூடாது, இடத்தைக் காப்பாற்றுகிறவர் கைக்குக் காசு போக வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஓர் இரவுக்குப் பத்துப் பேர், தலைக்கு 1,500 ரூபாய், மொத்தம் 15,000. வழிகாட்டிக்கு ஒரு பங்கு, இஞ்சித் தேத்தண்ணியும் கொழுக்கட்டையும் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு பங்கு. அப்புறம், மருந்தடிக்காமல் விட்ட பட்டி யாருடைய வயலில் இருக்கிறதோ அவருக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு தடவையும், ஆள் வந்த அன்றே. இதைக் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் பேசி எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. என் நண்பரிடம் நான் சொன்னது இதைத்தான். "அப்ப எனக்கு என்ன மிஞ்சும்?" என்றார். "இன்னொரு நாள் தங்குவினம் எண்டு நீங்கள்தானே சொன்னது" என்றேன்.

பத்துப் பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். ஒரே வரம்பில் போய் அதே வரம்பில் திரும்ப வேண்டும். புல்லுக்குள் கால் வைக்கக் கூடாது, லாம்ப்ரிஜெராவின் பெண் அங்கேதான் இருக்கும். போன் பையில். டோர்ச்சுக்கு, வெசாக் கூட்டுக்கு வாங்குவோமே, அந்தச் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டிவிடலாம். சிவப்பு ஒளி மின்மினிகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. நுளம்புக்குப் பூசும் களிம்பை விடுதியிலேயே பூசிவிட்டு உள்ளங்கையைக் கழுவிக்கொண்டு வரட்டும். வயலில் வந்து ஸ்பிரே அடிக்க விடாதீர்கள். நீளக் காற்சட்டையும் மூடின சப்பாத்தும் கட்டாயம், ஏனென்றால் வரம்பில் புடையன் பாம்பு இருக்கும். போத்தலில் பிடிக்கிறேன் என்று அழும் பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு குடம்பியைக் காட்டிவிட்டால் போத்தல் ஆசை போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

யானை நடமாட்டம் உள்ள பக்கம் இரவில் ஆட்களைக் கூட்டிப் போவது வேண்டவே வேண்டாம், எவ்வளவு மின்மினி இருந்தாலும். கண்டலுக்குள்ளோ காட்டுக்குள்ளோ போவதானால் வனபரிபாலனத் திணைக்களம், சரணாலயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களம், வாய்க்கால் கட்டு என்றால் நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று அனுமதி கேட்டுவிட்டே போக வேண்டும். தனியார் வயலில் தொடங்குவது இதனாலேயே லேசு.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முதல் வருடம் யாரிடமும் காசு வாங்காதீர்கள், எண்ணுங்கள். எதுவும் தெரியாமல் ஆட்களைக் கொண்டுவந்தால், குறைந்தபோது குறைந்தது என்றுகூடத் தெரியாது. ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு கடிகாரம். மாரியில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். ஆறரைக்குப் போய் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும், அதுவரை போனை எடுக்கக் கூடாது. பிறகு ஒரே திசையைப் பார்த்து ஒரு நிமிடம், கண்ணில் பட்ட மின்னல் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று தடவை. திகதி, நேரம், நிலவா இருட்டா, மழை எப்போது பெய்தது, காற்று உண்டா, பக்கத்தில் எந்த விளக்கு எரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு நாள், அதே இடம், அதே நேரம். நிலவு காலத்தில் எண்ணிக்கை குறையும், பயப்பட வேண்டாம். பகலில் ஒருக்கால் போய்ப் புல்லடியில் நத்தை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐப்பசி முதல் தை வரை எழுதினால் கொப்பியில் பதினைந்து பக்கம் வரும். என் கொப்பியில் போன மாரியின் முதல் இரவு இப்படி இருக்கிறது: 'மதகடி, 6.55. நிலவில்லை. நேற்று மழை. 4, 7, 5. தெற்குப் பக்க வீட்டில் முற்றத்து விளக்கு. ஆச்சியிடம் சொல்ல வேண்டும்.'

ஆச்சியிடம் சொன்னேன். அடுத்த கிழமை அவரே வந்து பக்கத்தில் நின்று எண்ணினார். அவர் எண்ணிக்கை எப்போதும் என்னுடையதைவிட இரண்டு கூட.